பெட்டி கட்டி அனுப்பும் முன்...

"சார், பையன் கம்ப்யூட்டர் படிச்சிருக்கான். இங்கேயே இருந்தா சரிப்படுமா, இல்ல சென்னை, பெங்களூர்னு அனுப்பி ஏதாவது கோர்ஸ்ல சேர்த்து விட்டுடலாமா?"

வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவனிடம் இந்தத் தீவில் அடிக்கடி வருகிற கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் நம் மக்கள். அப்பா காலத்தில் ராமநாதபுரம், விருதுநகர் பக்கமிருந்து கப்பல் ஏறி வந்து கடை போட்டவர்கள், காண்ட்ராக்ட் வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள், என்னைப் போல டிரான்ஸ்ஃபரில் வந்தவர்கள். பிள்ளை பி.டெக்கோ பி.சி.ஏ.வோ முடித்திருக்கும். "டெவ்ஆப்ஸ்" என்று ஒரு வார்த்தையை யாரோ காதில் போட்டிருப்பார்கள். ஃபீஸ், ஹாஸ்டல், போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சத்துக்குக் குறையாத பட்ஜெட். அதற்குத்தான் லோன்.

என் பதில் இப்போதெல்லாம் ஒன்றுதான். பிள்ளைக்குப் பெட்டி கட்டி அனுப்புவதற்கு முன், அவன் வீட்டிலேயே ஒரு பெட்டி கட்டிப் பார்க்கட்டும். துணிப்பெட்டி இல்லீங்க, சாஃப்ட்வேர் பெட்டி. கண்டெய்னர் என்பார்கள். அதுவும் மவுஸால் க்ளிக் பண்ணி இல்லை, கறுப்புத் திரையில் கமாண்ட் டைப் அடித்து. செலவு பைசா கிடையாது. பிடித்திருந்தால் அந்தக் கோர்ஸின் ஒரு பெரிய பகுதியை வீட்டிலேயே முடித்துவிட்டான் என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால் லோனும் வட்டியும் மிச்சம்.

பி.காம் படித்துவிட்டு பேலன்ஸ் ஷீட் பார்க்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். காலனிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, கூகுளாண்டவரைக் கேட்டு, செய்து பார்த்துக் கற்றதுதான். என் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாஃப்ட்வேர் புலிகள் மன்னிக்கவும், இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை, அப்பா அம்மாக்களுக்கு :-)

பெட்டி என்றால் என்ன?

ஹட்டோ ஜெட்டியில் இரும்புக் கண்டெய்னர்கள் இறங்குவதை இங்கே இருக்கிற எல்லாரும் பார்த்திருப்போம். உள்ளே அரிசியா, ஃப்ரிட்ஜா, சிமெண்டா என்று கிரேன் கேட்காது. அளவு ஒன்று, கொக்கி மாட்டும் இடம் ஒன்று. அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரிக் கம்பெனிக்காரர் 1956 ஏப்ரலில் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதிலிருந்து இந்தக் கதை வேகம் பிடித்தது. சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னருக்கென்றே தனி முனையம் வந்தது 1983-ல். அதற்கு முன்னால் மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கி, பாதி நனைந்து, பாதி காணாமல் போய்... பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சாஃப்ட்வேரிலும் அதே மூட்டைப் பிரச்சினைதான். ஒரு புரோகிராம் ஓட அது மட்டும் போதாது. குறிப்பிட்ட பைத்தான் வெர்ஷன் வேண்டும், நாலு லைப்ரரி வேண்டும், செட்டிங் வேண்டும். எழுதியவன் லேப்டாப்பில் ஓடும், அடுத்தவன் கம்ப்யூட்டரில் படுத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிக் கொடுத்தால் எங்கே இறக்கினாலும் ஓடும், இதுதான் யோசனை.

இதன் வேர் பழசு. ஒரு புரோகிராமுக்கு டிஸ்கின் ஒரு மூலையை மட்டும் காட்டி "இதுதான் உன் உலகம்" என்று நம்பவைக்கும் வசதி யுனிக்ஸில் 1979-லேயே வந்துவிட்டது. யார் எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியூ எடுக்கலாம் என்று அளந்து கொடுக்கும் வசதி 2008-ல் லினக்ஸ் கர்னலுக்குள் வந்தது. இவற்றையெல்லாம் சாதாரண ஆளும் பயன்படுத்துகிற மாதிரி நாலு கமாண்டுக்குள் அடக்கியது 2013-ல் வந்த டாக்கர். 2015-ல் பெட்டியின் அளவு, அமைப்பு எல்லாவற்றுக்கும் பொது விதி எழுத 'ஓப்பன் கண்டெய்னர் இனிஷியேட்டிவ்' என்ற அமைப்பு உருவானது. அதனால் டாக்கரில் கட்டிய பெட்டியை ரெட்ஹாட் கம்பெனி வளர்த்த பாட்மேன் என்ற கருவியிலும் திறக்கலாம். கமாண்டுகளும் ஏறக்குறைய ஒன்றே. 'டாக்கர்' என்று அடிக்கிற இடத்தில் 'பாட்மேன்' என்று அடித்தால் பெரும்பாலும் வேலை நடக்கும்.

இமேஜ், கண்டெய்னர் என்று இரண்டு சொல் வரும், பிள்ளைகள் இதில்தான் முதலில் குழம்புகிறார்கள். இமேஜ் என்பது முறுக்கு அச்சு. கண்டெய்னர் என்பது பிழிந்த முறுக்கு. ஒரே அச்சில் எத்தனை வேண்டுமானாலும் பிழியலாம். ஒரு முறுக்கு உடைந்தால் அச்சுக்கு ஒன்றும் ஆகாது.

ஏன் கமாண்ட் லைன்?

"இதுக்கு அழகா பட்டன் வெச்ச சாஃப்ட்வேர் இருக்கே அங்கிள்" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இருக்கிறது, பார்க்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் கற்றுக்கொள்கிறவன் அங்கே ஆரம்பிக்கக் கூடாது என்பது என் கட்சி. மூன்று காரணம்.

ஒன்று, க்ளிக் செய்ததற்கு வவுச்சர் கிடையாது. எந்தப் பட்டனை எந்த வரிசையில் அமுக்கினோம் என்று அடுத்த வாரம் நமக்கே தெரியாது. டைப் அடித்த கமாண்டை ஒரு ஃபைலில் சேமித்து வைக்கலாம், நண்பனுக்கு அனுப்பலாம், ஆறு மாதம் கழித்து அதே வேலையை அதே மாதிரி செய்யலாம். வங்கியில் ஒவ்வொரு என்ட்ரிக்கும் ஒரு தாள் இருக்கும். அந்தப் பழக்கம் இங்கேயும் நல்லதுதான்.

இரண்டு, வேலை நடக்கிற சர்வர்களில் பெரும்பாலும் திரையே கிடையாது. தூரத்தில் எங்கேயோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கும். நாம் இங்கிருந்து எழுத்துகளை அனுப்புகிறோம், எழுத்துகள் திரும்பி வருகின்றன. லைன் மந்தமாக இருக்கும்போது அந்தத் திரையைப் படமாக இழுத்துக் காட்டும் சாஃப்ட்வேர் திணறி நின்றுவிடும். நாலு வரி எழுத்துக்கு எவ்வளவு டேட்டா வேண்டும்? மழை நாளில் வாட்ஸ்அப் படம் சுற்றிக்கொண்டே இருக்கும்போதும் குறுஞ்செய்தி போய்ச் சேர்கிறதே, அந்த மாதிரி. தீவில் இருந்துகொண்டு மெயின்லாந்து சர்வரில் வேலை செய்ய நினைப்பவனுக்குக் கமாண்ட் லைன்தான் கைகொடுக்கும்.

மூன்று, தவறு நடந்தால் எங்கே பார்ப்பது? 'டாக்கர் பிஎஸ்' என்றால் எந்தப் பெட்டி ஓடுகிறது என்று பட்டியல். 'டாக்கர் லாக்ஸ்' என்றால் அந்தப் பெட்டி என்ன புலம்பியது என்று முழுக் கதை. 'டாக்கர் எக்ஸெக்' என்றால் ஓடுகிற பெட்டிக்குள் நாமே நுழைந்து பார்க்கலாம். பட்டன் சாஃப்ட்வேரும் அடியில் இதே வேலைகளைத்தான் செய்கிறது. பட்டன் வேலை செய்யாத நாளில் இதைத் தெரிந்தவன் தப்பிப்பான்.

தீவுக்காரனுக்கு இது ஏன் முக்கியம்?

2020 ஆகஸ்ட் 10-ம் தேதி சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வந்து சேர்ந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. சுமார் 2,300 கிலோமீட்டர், சுமார் 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேருக்கும் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம், வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது), ஹேவ்லாக் என்ற ஸ்வராஜ் தீப், லாங் ஐலேண்ட், ரங்கட், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களுக்கும். அதற்கு முன் சாட்டிலைட்டை நம்பி எப்படிக் காலம் தள்ளினோம் என்று நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

"கேபிள்தான் வந்துடுச்சே, இனி சென்னைப் பையனுக்கும் நம்ம பையனுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்கலாம். வித்தியாசம் நிறைய குறைந்திருக்கிறது, உண்மை. ஆனால் கேபிள் கரைக்கு வருவது வேறு, கடைசி வீட்டுக்கு வருவது வேறு. கரண்ட் போகும், டவர் படுக்கும். சிறு தீவுகளில் இருப்பவர்களைக் கேளுங்கள். அதனால்தான் சொல்கிறேன், பெட்டி கட்டும் கலை நமக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது.

காரணம் 'சேவ்', 'லோட்' என்ற இரண்டு கமாண்டுகள். கட்டிய இமேஜை 'டாக்கர் சேவ்' என்று ஒரே ஃபைலாக மாற்றி, சுருக்கி, பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் 'டாக்கர் லோட்'. நடுவில் இன்டர்நெட்டே தேவையில்லை.

எங்கள் காலனிப் பையன் ஒருவன் ரங்கட்டில் இருக்கும் மாமா கடைக்கு ஸ்டாக் கணக்கு வைக்க பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினான். இவன் லேப்டாப்பில் பிரமாதமாக ஓடியது. கடைக் கம்ப்யூட்டரில் பைத்தான் வெர்ஷன் வேறு, லைப்ரரி இல்லை, டவுன்லோட் செய்யப் பார்த்தால் பாதியில் நிற்கும். இரண்டு தடவை போய்த் திரும்பி வந்தான். ஜிர்காடாங் கான்வாய்க்காக விடிகாலையில் எழுந்து போகிற பயணம் அது, சும்மா இல்லை. மூன்றாவது தடவை எல்லாவற்றையும் ஒரே இமேஜாகக் கட்டி, அதோடு பாட்மேன் போடத் தேவையான ஃபைல்களையும் சேர்த்து எடுத்துப்போனான். லோட், ரன். மாமா டீ போட்டு முடிப்பதற்குள் ஓடிவிட்டது. இப்போது பக்கத்துக் கடைக்காரரும் கேட்கிறாராம். ஒரு பிள்ளை தீவிலேயே இருந்துகொண்டு சம்பாதிக்க ஆரம்பிப்பது இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம் கல்லூரி ஆசிரியர்களுக்கு. இமேஜ்களை இலவசமாகத் தரும் டாக்கர் ஹப் 2020 நவம்பரில் ஒரு ரேஷன் கொண்டுவந்தது. லாகின் செய்யாமல் எடுத்தால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஐபி முகவரிக்கு 100 தடவை. லேப் முழுக்க ஒரே ஐபி முகவரியில் வெளியே போகும். அறுபது பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு இமேஜ் எடுத்தாலே கோட்டா காலி. ஒரு பழைய கம்ப்யூட்டரில் 'ரெஜிஸ்ட்ரி' என்ற இமேஜை ஓடவிட்டு, தேவையானவற்றை ஒரே ஒரு தடவை இறக்கி அதில் வைத்துவிட்டால், பிள்ளைகள் லேப் நெட்வொர்க்கிலேயே எடுத்துக்கொள்வார்கள். ரேஷன் கடையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த மாதிரி. வெளி லைன் படுத்தாலும் கிளாஸ் நடக்கும்.

சாமான் கட்டும் சாமர்த்தியம்

பெட்டி கட்டுவது 'டாக்கர்ஃபைல்' என்ற ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் தொடங்குகிறது. எந்த அடிப்படை இமேஜ், என்ன இன்ஸ்டால் செய்ய வேண்டும், எந்த ஃபைலை உள்ளே வைக்க வேண்டும், திறந்ததும் எதை ஓட்ட வேண்டும், இதுதான் உள்ளடக்கம். 'டாக்கர் பில்ட்' அதை வரிவரியாகப் படித்துக் கட்டும். பத்து வரிக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பத்து வரியில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. பிள்ளை கற்றானா இல்லையா என்று பார்க்க என்னிடம் ஐந்து கேள்வி இருக்கிறது. நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

1. பெட்டி எவ்வளவு கனம்? பைத்தானின் முழு இமேஜ் சுமார் 1 ஜிபி வரும். அதிலேயே 'ஸ்லிம்' என்று ஒன்று, 150 எம்பி அளவில் முடிந்துவிடும். நம் ஊர் லைனில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்லத் தேவையில்லை. கட்டும் கருவிகளை ஓர் அறையில் வைத்துக் கட்டிவிட்டு, முடிந்த சாமானை மட்டும் பெட்டியில் வைக்கும் 'மல்டி ஸ்டேஜ்' முறையும் 2017-லிருந்து இருக்கிறது.

2. எது முதலில், எது கடைசியில்? இமேஜ் அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது. ஓர் அடுக்கு மாறினால் அதற்கு மேலே உள்ளதெல்லாம் மறுபடி கட்ட வேண்டும். அடிக்கடி மாறாத லைப்ரரிகளை முதலில் இன்ஸ்டால் செய்துவிட்டு, தினமும் மாறுகிற சொந்தப் புரோகிராமைக் கடைசியில் வைப்பவன் கெட்டிக்காரன். மாற்றி வைத்தவன் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் டவுன்லோட் செய்துகொண்டிருப்பான்.

3. பாஸ்வேர்டை உள்ளே வைத்தாயா? ஓர் அடுக்கில் பாஸ்வேர்ட் ஃபைலை வைத்துவிட்டு அடுத்த அடுக்கில் அழித்தால் அழிந்த மாதிரி தெரியும். கீழ் அடுக்கில் அப்படியே இருக்கும். லெட்ஜரில் கோடு போட்டு அடித்தாலும் பழைய என்ட்ரி படிக்க முடிகிற மாதிரி. பெட்டி யார் கைக்குப் போனாலும் தோண்டி எடுத்துவிடலாம்.

4. 'லேட்டஸ்ட்' என்று எழுதினாயா? வெர்ஷன் எண் போடாமல் 'லேட்டஸ்ட்' என்று எழுதுவது தேதி போடாத செக் மாதிரி. இன்று ஒன்று வரும், அடுத்த மாதம் வேறொன்று வரும். வெர்ஷனைக் குறிப்பிடு. இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஒவ்வொரு இமேஜுக்கும் 'டைஜஸ்ட்' என்று நீளமான எண் உண்டு, அதைக் குறிப்பிடு. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். அதுதான் பெட்டியின் அரக்கு சீல்.

5. கணக்குப் புத்தகம் எங்கே? கண்டெய்னரை நீக்கினால் அதற்குள் எழுதிய டேட்டாவும் போய்விடும். அதனால் டேட்டாவை 'வால்யூம்' என்று பெட்டிக்கு வெளியே வைக்க வேண்டும். ரங்கட் பையன் இதைச் செய்திருந்தான். அதனால்தான் பத்து தடவை புதுப் பெட்டி மாற்றியும் மாமாவின் ஸ்டாக் கணக்கு அப்படியே இருக்கிறது.

கூடவே ஒன்று. லினக்ஸில் டாக்கரை ஓட்ட ஒரு யூசருக்கு அனுமதி கொடுப்பது, முழு கம்ப்யூட்டரின் சாவியையும் கொடுப்பதற்குச் சமம். பொதுக் கம்ப்யூட்டரில் பாட்மேன் மேல். சாதாரண யூசராகவே ஓட்டலாம்.

"இதையெல்லாம் ஏஐ எழுதித் தருதே?"

தருகிறது. டாக்கர்ஃபைல் கேட்டால் பத்து வினாடியில் வருகிறது. நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் என்ட்ரி போடுவார், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிப்பார். போட்டவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரிபார்ப்பவர் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடக் கூடாது. ஏஐ என்ட்ரி போடட்டும். சரிபார்க்க நம் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். மேலே சொன்ன ஐந்து கேள்வியையும் ஏஐ எழுதியதிடமும் கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் சம்பளம். எழுதி வாங்கி அப்படியே ஒட்டுகிறவன் வேலையை ஏஐயே செய்துவிடுமே.

கோர்ஸே வேண்டாம், மெயின்லாந்துக்கே போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூறு சர்வர், ஆயிரம் பெட்டி என்று மேய்க்கும் குபர்னெட்டிஸ் போன்றவற்றைப் பெரிய இடத்தில், அனுபவசாலிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்பதுதான் சுலபம். போகட்டும். ஆனால் ஒரு பெட்டியைக்கூடத் தன் கையால் கட்டாதவனை ஆயிரம் பெட்டி மேய்க்க அனுப்பி, அதற்கு அப்பா இ.எம்.ஐ. கட்டுவதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது. மூன்றாவது மாதம் பையன் "புரியலைப்பா" என்று திரும்பி வந்தாலும் இ.எம்.ஐ. திரும்பி வராது.

தேவையானது இவ்வளவுதான். 8 ஜிபி மெமரி உள்ள ஒரு பழைய லேப்டாப், அதில் லினக்ஸ் (விண்டோஸ் என்றால் அதற்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிறது). பாட்மேன் இலவசம். டாக்கர் டெஸ்க்டாப்புக்குப் பெரிய கம்பெனிகள் 2021-லிருந்து காசு கட்ட வேண்டும், படிக்கிற பிள்ளைகளுக்கு இலவசம்தான். ஆங்கிலம் தடையென்றால் 'கணியம்' தளத்தில் லினக்ஸ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே 2012 முதல் எழுதி வருகிறார்கள். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

ஒரு மாதம் டைம் கொடுங்கள். மாத முடிவில் பிள்ளை தான் கட்டிய பெட்டியைப் பென்டிரைவில் கொண்டுபோய், நெட் இல்லாத பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டட்டும். முன்னேற்பாடாக அங்கே என்ன போட வேண்டும் என்பதையும் அவனே கண்டுபிடிக்கட்டும். ஓட்டிக் காட்டிவிட்டால் தைரியமாக லோன் அப்ளிகேஷனோடு வாங்க, நானே ஃபாரம் நிரப்பித் தருகிறேன். யார் கண்டது, அதற்குள் ரங்கட் மாமா மாதிரி ஒரு கடைக்காரர் அட்வான்ஸ் கொடுத்திருந்தால் லோனே தேவைப்படாது :-)

பி.கு.: "பையன்" என்றே எழுதிக்கொண்டு போனேன் என்று என் வீட்டம்மா முறைக்கிறார். காலனியில் முதன்முதலில் இமேஜ் கட்டியது எதிர்வீட்டுப் பெண்தான். ரங்கட் பையனுக்கு 'சேவ்', 'லோட்' சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.